ஊசி மாட்டிக்கொண்ட வரி

எங்கள் தீவின் ஜங்லிகாட்டில் திருநாவுக்கரசு பகலில் படகுப் பட்டறை ஃபிட்டர். முகூர்த்த நாளில் கிளாரினெட்காரர். ஒரு பாட்டை இரண்டு முறை ஒரே மாதிரி வாசித்தார் என்று யாரும் அவர்மேல் பழி போட முடியாது. பக்கத்துத் தீவான பாராடாங்கில் மரம் வெட்டும் ராஞ்சிக்காரர்களிடம் ஒரு தாளத்தைக் கேட்டுவிட்டு வந்தால், அடுத்த மாப்பிள்ளை ஊர்வலம் அந்தத் தாளத்தில்தான் நடக்கும். வங்காளிக் குடியேறிகள் பக்கம் போய்வந்தால் பாட்டு படகேறி, படகோட்டிப் பாட்டாக அசையும். ஒருமுறை கப்பல் தாமதமாகி கிளாரினெட்டில் சொருகும் ரீடு கிடைக்கவில்லை. மூங்கிலைச் சீவிச் சொருகினார். ஜலதோஷம் பிடித்த குரல் வந்தது. அந்தக் குரலுக்கென்றே ஒரு மெட்டுக் கட்டினார். ஊரும் ரசித்தது. ஐம்பதுகளில் எங்களுக்குக் கேட்பதற்கு வேறு என்ன இருந்தது?

பிறகு பக்தவத்சலம் மெட்ராஸிலிருந்து ஒலிபெருக்கி, கிராமபோன், ஒரு பெட்டி ரெக்கார்டு சகிதம் கப்பலில் வந்து இறங்கினார். அத்தோடு ஊருக்குப் புதுசு பிடிக்காமல் போய்விட்டது. எல்லாரும் "ரெக்கார்டு மாதிரி வாசிங்க" என்றார்கள். திருநாவுக்கரசு கேட்கவில்லை, அவர்களும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"ஒருநாளாவது அது மாதிரி வாசிச்சுத் தொலைங்களேன். கிளாரினெட் பெட்டிய எலி கடிக்கப்போகுது" என்றாள் மனைவி பங்கஜம்.

"அது மாதிரி வாசிக்க அதுவே இருக்கே பங்கஜம். நான் எதுக்கு?"

சொல்லிவிட்டாரே தவிர, வாசிக்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

பக்தவத்சலத்தின் பெட்டியில் ஊரே கொண்டாடிய சினிமாப் பாட்டு ஒன்று இருந்தது. அதில் ஒரு கீறல். பல்லவியின் இரண்டாம் வரியில் ஊசி மாட்டிக்கொள்ளும். அவர் எழுந்துவந்து தள்ளிவிடும்வரை அந்த வரியே ஓடும். தள்ளினால் முதல் சரணத்தைத் தாண்டிக் குதிக்கும். எங்களுக்கு அதுதான் பாட்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட வரியைத் திருப்பித் திருப்பிப் பாடி, சரணத்தை விட்டுவிட்டுத்தான் முடிப்பார்கள்.

மளிகைக்கடை ஜம்புலிங்கத்தின் மகள் சந்திரமதிக்குக் கல்யாணம். ஊர்வலம் புறப்படும் நேரத்தில் பக்தவத்சலத்தின் கடைசி ஊசியும் உடைந்துபோனது. வேறு ஊசி வரவேண்டுமானால் கப்பல் வரவேண்டும். ஜம்புலிங்கம் திருநாவுக்கரசின் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"அண்ணே, சூயி உடைஞ்சிருச்சு. அந்தப் பாட்டுதான் வேணும்னு பொண்ணு ஒத்தக்கால்ல நிக்குது. ஏக்தம் ரெக்கார்டு மாதிரியே வாசிக்கணும். மாத்தினீங்கன்னா சம்பந்தி முன்னால என் மானம் போயிரும்."

மறுத்தால் இனி ஒருவரும் வரமாட்டார்கள். ஒத்துக்கொண்டால் அவரும் ஒரு ஊசிதான். ஊதினால் போதும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

கூட்டத்தில் நானும் இருந்தேன். பல்லவியை அச்சு அசலாக வாசித்தார். இரண்டாம் வரி வந்தது. திருப்பித்தானே ஆகவேண்டும்? திருப்பினார். ஆனால் ஒரே மாதிரி திருப்ப வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? இரண்டாவது முறை ராஞ்சித் தாளம் உள்ளே வந்தது. மூன்றாவது முறை வங்காளிப் படகு அசைந்தது. அடுத்ததில் ஜலதோஷம். தள்ளிவிட்டால்தானே நிற்கும்? பக்தவத்சலம் தள்ளுவதற்கு ஊசியில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சந்திரமதி மாலையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மனசு நிறைந்த பிறகுதான் திருநாவுக்கரசு சரணத்தைத் தாண்டிக் குதித்தார்.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த அதிகாரி இராமகிருஷ்ணன் மட்டும் முகம் சுளித்தார். "இந்தப் பாட்டு இப்படிக் கிடையாதே?"

"அது மெயின்லேண்டு பாட்டு சார். நம்ம பாட்டு இப்படித்தான்" என்றார் ஜம்புலிங்கம், மானத்தைப் பற்றிய கவலையெல்லாம் மறந்து.

கப்பல் வந்தது, ஊசியும் வந்தது. ஆனாலும் அதே வாரம் லாரி ஓட்டும் உதயசூரியன் தங்கை கல்யாணத்துக்காகத் திருநாவுக்கரசைத் தேடி வந்தான்.

"அண்ணே, அன்னிக்கு வாசிச்சீங்களே, அதே மாதிரி வேணும். கொஞ்சம்கூட மாறக் கூடாது."

திருநாவுக்கரசு விழுந்து விழுந்து சிரித்தார். "அது மறந்துபோச்சு தம்பி. வரேன், ஆனா வேற மாதிரிதான் இருக்கும்."

உதயசூரியன் தலையைச் சொறிந்தான். "சலேகா அண்ணே, எப்படி இருந்தாலும் சரி."

அவன் போனதும் பங்கஜம் பெட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "நெசமாவே மறந்துட்டீங்களா?"

"வாசிக்கும்போதே மறந்துட்டேன்."