கண்ணில் ஒற்றிய இரும்பு

ரூ காய் தெருவில், தமிழ்க்கடையொன்றில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோதுதான், என்னோடு பயிற்சிக்கு வந்த நாதன் அண்ணை வந்து சொன்னார்: "ரொஜே போயிட்டாராம். காலமை ஆஸ்பத்திரியிலை." எந்த ரொஜே என்று கேட்டேன். எங்களுக்குத் தெரிந்த ரொஜே ஒருவர்தான். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்னமும் விளங்கவில்லை.

லா சப்பலில் அந்த நிலவறைப் பயிற்சிக்கூடத்துக்கு வந்துபோன உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கியவர், பிறகு பளுதூக்கிப் பிரான்சின் சாம்பியன் ஆனார். பெரிய போட்டியொன்றில், தலைக்கு மேல் தூக்கிய பளுவை நடுவர் சைகை காட்டுமுன் கீழே போட்டுவிட்டார். தூக்கியது செல்லாமற்போனது. அதன்பின் போட்டியை விட்டுப் பயிற்சியாளரானார். ஏன் போட்டீர்கள் என்று கேட்டால், ஒருநாள் கை வியர்த்தது என்பார். இன்னொருநாள் நடுவர் சைகை காட்டியதாகத் தோன்றியது என்பார். எது உண்மையென்று அவருக்கே தெரியாதோ என்னவோ. ஆனால் எங்களிடம் ஓயாமல் சொல்வார்: "தூக்குவது பாதி வேலை. தூக்கியபடி காத்திருப்பது மீதி."

நான் உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம் அது. முதல்நாள் இரும்புத் தண்டைத் தூக்குமுன், எங்கள் ஊர் வழக்கப்படி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ரொஜே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் போனால் வெள்ளைக்காரப் பெடியன்கள் எல்லோரும் வரிசையாகத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறார்கள்! மூச்சை நிதானமாக்கும் நுட்பம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். நாதன் அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கோ கோபம். கும்பிடுவதை உடற்பயிற்சி ஆக்கலாமா? இது நுட்பமில்லை, இரும்புக்குச் செய்யும் மரியாதை என்று அரைகுறைப் பிரெஞ்சில் விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டார். "மரியாதை செய்துவிட்டு அவசரப்பட்டுத் தூக்குவாயா?" என்றார்.

இல்லை என்றேன்.

"நான் சொன்னதும் அதுதானே."

கிண்டலா, விளங்கித்தான் சொன்னாரா? இத்தனை வருடமாகக் கேட்க நினைத்தேன். இனி யாரிடம் கேட்பது?

அடக்கத்தன்று எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்களில் தேவாலயம் போகும் வேதக்காரரும் உண்டு, சைவரும் உண்டு. ரொஜேயோ எந்தக் கோயில் பக்கமும் போகாதவர். பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, அழுகைச் சத்தம்கூட இல்லை. சிலுவை போடுவதா, கும்பிடுவதா? "இஞ்சை என்ன செய்யிறது எண்டு ஆரையாவது கேள்," என்று நாதன் அண்ணை என் காதைக் கடித்தார். அப்போது ரொஜேயின் பழைய மாணவர்கள் எழுந்தார்கள். பெரிய பெரிய தோள்களோடு ஒவ்வொருவராகப் போய், சவப்பெட்டியின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். அவசரமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நானும் போய் அப்படியே செய்துவிட்டுத் திரும்பியபோது ரொஜேயின் தங்கை என் கையைப் பிடித்தார். "இது உங்கள் மதத்து வழக்கமா?" என்று கேட்டார்.

ஓமென்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"இல்லை, மதாம். ரொஜே சொல்லித்தந்தது."

நாதன் அண்ணை என்னை ஒருமாதிரிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

இப்போது உணவகச் சமையலறையில் பெரிய சோற்றுக் கிடாரத்தைத் தூக்குமுன் என் கை தானாக அதைத் தொட்டுக் கண்ணுக்குப் போகிறது. கும்பிடுகிறேனா, மூச்சை நிதானமாக்குகிறேனா, எனக்கே தெரியவில்லை. அவசரப்பட்டுத் தூக்குவதில்லை, அவ்வளவுதான்.