மீன் தொட்டியில் திருநீறு

இரசாயனம் கலந்த தண்ணியில மீன் சாகுதோ பிழைக்குதோ எண்டு பாத்துச் சொல்லுறதுதான் என்ர உத்தியோகம். செத்தவீட்டுக்குப் போற ஆள் மாதிரித்தான் ஒவ்வொரு நாளும் வெள்ளவத்தையில பஸ் ஏறுறன். மற்றவையின்ர பிழைப்பு உங்கட ஒரு கையெழுத்தில தொங்குற வேலை பாக்கிற ஆக்களே, உங்களுக்கு என்ர பாடு விளங்கும்.

நெத்தலியோ?

லாப்பில மீன் வச்சிருக்கிறன் எண்டு கேள்விப்பட்ட நாள் தொடக்கம் எங்கட ஃபிளாட் கீழ்வீட்டு அன்ரிக்கு என்னில தனிப் பட்சம். நகத்தளவு கப்பி மீனைக் கண்ணாடித் தொட்டியில விட்டு, சவர்க்காரமோ சாயமோ எவ்வளவு கலந்தா சாகுது எண்டு பாக்கிறனாங்கள் எண்டு லிஃப்டுக்குள்ள நிண்டு முழுக்க விளங்கப்படுத்தினன். பொறுமையாக் கேட்டா. லிஃப்ட் திறக்கேக்க என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, "அது சரி பிள்ளை, சாகாமல் மிஞ்சிறதுகளை நெத்தலி மாதிரிப் பொரிக்கேலாதோ?"

பாவம் ஆருக்கு

புஷ்பா அக்கா கொட்டாஞ்சேனையில, வீட்டிலேயே பாத்திரம் கழுவுற திரவம் கலந்து விக்கிறவ. புருஷன் பாரிசவாதத்தில படுத்த பிறகு குடும்பம் ஓடுறது அந்தப் போத்திலுகளாலதான். ஏரிக்கரை ஹோட்டல் ஒண்டு மாதாமாதம் எடுக்கிறம் எண்டதாம். ஆனா அவையின்ர கழிவுத்தண்ணி ஏரிக்குப் போறதால, மீனுக்குக் கேடில்லை எண்டு லாப் ரிப்போட் வேணுமாம். அதுக்குத்தான் எங்களிட்ட வந்தவ.

தொட்டியளைக் காட்டினன். இதில திரவம் கூட, இதில குறைய, கடைசியில வெறும் தண்ணி. வெறும் தண்ணியில மீன் செத்தா முழுச் சோதனையும் செல்லாது எண்டும் சொன்னன். அக்கா ஒவ்வொரு தொட்டியாக் குனிஞ்சு பாத்திட்டு மெல்லமாக் கேட்டா: "தங்கச்சி, என்ர சாமானால செத்தா அந்தப் பாவம் எனக்கோ, உங்களுக்கோ?"

திருநீறு

அடுத்த நாள் அக்கா ஜிந்துப்பிட்டிக் கோயிலால நேர லாப்புக்கு வந்திட்டா, ஒருக்காப் பாத்திட்டுப் போறனெண்டு. ஃபோன் ஒண்டு வர நான் வெளியில போனன். பின்னேரம் பாத்தா, ஐயோ, வெறும் தண்ணித் தொட்டியிலயும் மீன் செத்து மிதக்குது! தண்ணி கலங்கி, அடியில வெள்ளையாச் சாம்பல்.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. ஃபோனில கத்தினன். ஒளிக்கத் தெரியாத மனிசி, முருகன்ர திருநீறைப் பொட்டலத்தோட கொட்டினதை அப்பிடியே சொல்லிப்போட்டா. கப்பிக்குஞ்சு அவ்வளவு சாம்பலைத் தாங்குமே? "உங்கட திரவம் விட்ட தொட்டிக்குப் போட்டியள், சரி. வெறும் தண்ணிக்கு ஏன் போட்டனீங்கள்?" எண்டு கேட்டன். "எல்லாத்துக்கும் போட்டிட்டு அதுகளுக்கு மட்டும் போடாட்டி, அதுகள் என்ன நினைக்கும் தங்கச்சி?"

நுரை

திருப்பிச் செய்தம். வெறும் தண்ணி மீனெல்லாம் சோக்காத் திரியுது. அக்காவின்ர திரவத்தைக் குறையக் கலந்த தொட்டியிலயும் எல்லாம் சரி. சரியெண்டா, எல்லாம் செத்து முடிஞ்சு சரி. நுரைக்கெண்டு போடுற சாமான் கூடிப்போச்சு, அது மீனின்ர செவுளைத் தாக்குது. ஹோட்டல் மாத முடிவு வரைக்கும்தான் பொறுக்குமாம். பொய் சொல்ல மாட்டன், ரிப்போட்டில ஒரு சொல்லை மாத்தினா அந்த வீட்டில அடுப்பெரியுமே எண்டு என்ர மனமும் தடுமாறிச்சு. செய்யேலாது. நுரையைக் குறையுங்கோ அக்கா எண்டன். சீலைத் தலைப்பால மூக்கைத் துடைச்சுக்கொண்டு சொன்னா: "நுரை வராட்டி ஊத்தை போகேல்லை எண்டுதானே சனம் நினைக்கும்."

நாலாம் நாள்

எண்டாலும் குறைச்சுக் கலந்துகொண்டு வந்தா. ஹோட்டல்காரரும் கழுவிப் பாத்திட்டு, நுரை குறைஞ்சாப் பரவாயில்லை எண்டிட்டினம். இனி மீன்தான் சொல்லவேணும். சோதனை நடக்கிற நாலு நாளும் மீனுக்குத் தீன் போடுறேல்லை, அதுதான் எங்கட முறை. கடைசி நாள் காலமை நான் வர முந்தியே அக்கா வாசல்ல நிக்கிறா.

உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போனன். ஏரிக்குப் போற அளவுக்குக் கலந்த தொட்டியில ஒண்டும் சாகேல்லை. "பாஸ் அக்கா" எண்டன். என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. ரிப்போட் எப்ப கிடைக்கும், ஹோட்டலுக்கு எப்ப குடுக்கலாம், ஒண்டும் கேக்கேல்லை. தொட்டியைப் பாத்துக்கொண்டே கேட்டா: "பாவங்கள், இப்ப இதுகளுக்குத் தின்ன ஏதும் குடுக்கலாம்தானே?"

செத்ததுகளை எண்ணிச் சம்பளம் வாங்குற நான், எண்ணுறதுக்கு ஒண்டும் இல்லாத அண்டைக்குத்தான் ஒழுங்கா வேலை செய்த திருப்தியோட வீட்டுக்கு வந்தனான்.