பருத்திக் குவியல் முன் நின்ற காவல்காரர்

தச்சநல்லூரில் உடைமுள் மண்டிக் கிடந்த நிலத்தைத் திருத்திக் கிணறு வெட்டினேன். வீடு கட்டினேன், பருத்தியைச் சேர்த்து வைக்க ஒரு கிட்டங்கியும் கட்டினேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம்கூட இருந்தவனில்லை நான். ஆனால் அந்தக் கிட்டங்கியின் பேச்சு வந்தால் ஊரார் என்னைச் சொல்வதில்லை; என் காவல்காரரைத்தான் சொல்கிறார்கள்.

ஒடிசலான ஆள். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. எங்கே உட்கார்ந்தாலும் முதலில் கையால் தடவிப் பார்ப்பார். கிட்டங்கிப் பூனை அவர் இடத்தில்தான் படுத்திருக்கும்.

அந்த வாரம் என் மனைவிக்குக் காய்ச்சல். கன்று ஈன்ற பசு எழுந்திருக்கவில்லை. இரண்டையும் பார்த்துக்கொண்டு கிட்டங்கிக்கும் அலைந்ததில் அலுத்துப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை பருத்தி ஏற்ற வண்டிகள் வந்தன. கடைசிக் குவியலின் முன்னே காவல்காரர் கையை விரித்து நின்றார்.

"என்னவே, வழிய மறிக்கீரு?"

"உள்ள பூனை குட்டி போட்டிருக்கு அண்ணாச்சி. இன்னும் கண்ணு தொறக்கல."

"தூக்கி வெளிய வையும்வே."

"இந்த வாரத்துல குட்டியள மூணு எடம் மாத்திட்டுது. இனி அதால ஏலாது. உங்க மொகமும் அப்படித்தான் இருக்கு. செத்த நேரம் உக்காருங்க."

ஒரு சாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு இடம் காட்டினார். அந்த வாரத்தில் என்னை உட்காரச் சொன்னவர் அவர் ஒருவர்தான். உட்கார்ந்தேன். "அந்தக் குவியல் கிடக்கட்டும்லே" என்று வண்டிக்காரர்களைத் திருப்பி அனுப்பினேன்.

யாரும் காணாத என் அலுப்பை அந்த ஒற்றைக் கண் எப்படிக் கண்டதோ, இன்னும் எனக்கு விளங்கவில்லை. குட்டிகளைக் காத்த புண்ணியவான் என்று ஊர் அவரைப் புகழ்கிறது. புகழட்டும், தகும். ஆனால் பருத்தி என்னுடையது. வண்டியைத் திருப்பியவனும் நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.