புல் குளித்த கோடை

பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால், பால் வியாபாரம் என்று சொல்கிறீர்களாம். உங்கள் அம்மா சொன்னாள். அதில் தப்பில்லை, ஆனால் பாதிதான் சரி. இனிமேல் விவசாயம் என்று சொல்லுங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

திருவொற்றியூரில் ஏது விவசாயம் என்பார்கள். நமக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது, உண்மைதான். என் தாத்தா காலத்தில் நம் காளைகள் துறைமுகத்திலிருந்து மூட்டை இழுத்தன. லாரிகள் வந்ததும் காளைகளை விற்றுவிட்டுப் பசு வாங்கிக் கட்டினார்கள். அந்தக் கொட்டகைதான் இது. நம் சாணி குட்டியானை வண்டியில் அத்திப்பட்டுப் பக்கம் கீரை போடுகிறவர்களுக்குப் போகிறது. திரும்பி வரும்போது அதே வண்டியில் அவர்கள் வரப்பில் அறுத்த புல் வருகிறது. காசுப் பேச்சே கிடையாது. அந்தக் கீரையில் நமக்கும் பங்கு உண்டு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தொல்லை என்னவென்றால், அந்தப் புல்மேல் சாம்பல் படிந்திருக்கும். எந்தப் புகைபோக்கியுடையது என்று நான் சொல்ல வரவில்லை. நம் பக்கம் புகைபோக்கிக்கா பஞ்சம்? அப்படியே போட்டால் மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பசியில் தின்றால் வயிறு கெடும். அதனால் சிமென்ட் தொட்டியில் அலசித்தான் போடுவோம்.

நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது ஒரு கோடையில் குழாய் காய்ந்துவிட்டது. தெருவுக்குத் தண்ணீர் லாரிதான். வீட்டில் எத்தனை பேரோ அதற்குத் தக்கபடி குடம் என்று தெரு சங்கத்தில் முடிவு செய்திருந்தார்கள். வரிசையில் நான் குடத்தை வைத்ததும், எதிர்வீட்டு மீன்கார அக்கா அதைக் காலால் நகர்த்தினார்.

"மன்சனுக்கே குடிக்கத் தண்ணி இல்ல, இவுரு புல்ல குளிப்பாட்டினுகீறாரு! சோப்பு கீப்பு போடுவியா நைனா, இல்ல ஷாம்புவா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. பின்னால் யாரோ, "பவுடரு மறந்துட்டியே யக்கா" என்றார்கள்.

"மாட்டுக்குன்னு நான் கொடம் கேட்டனாக்கா?" என்றேன்.

"கேக்கல. ஆனா புல்லு மேல ஊத்துறியே, அது யாரு தண்ணி? எம்மருமவ கைக்கொழந்தைய வச்சினு துணி அலசத் தண்ணியில்லாம கீறா."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நிரப்பாத குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் வேறு மாதிரி ஆனது. நம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் டிரம் இருக்கும்; தெருக்காரர்கள் அரிசி கழுவிய தண்ணீரை அதில் ஊற்றிவிட்டுப் போவார்கள், மாடு குடிக்கும். அன்றைக்கு ஒருவரும் ஊற்றவில்லை. அக்கா தன் வீட்டுக் கழுநீரை நம் கண்ணெதிரிலேயே சாக்கடையில் கொட்டினார். காலி டிரம்முக்கு முன்னால் நின்று மாடு கத்தியது. அம்மா கையில் இருந்த குடத்தை அதன்முன் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இந்த ஒரு கோடைக்கு அலசாம ஒதறிப் போடேன்யா. இல்லாங்காட்டி வித்துடு. கன்டெய்னர் யார்டுல செக்யூரிட்டி வேல கீதுன்னு எங்கண்ணன் சொல்லினே கீது."

"வித்துட்டு?"

"வித்துட்டு நிம்மதியா குளிக்கலாம்" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

சாயங்காலம் சங்கத்தில் கூப்பிட்டார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்தான் தலைவர். எல்லோரும் அவரை மாமு என்போம்.

"இன்னாபா முடிவு? மாடா, தண்ணியா?" என்றார்.

"ரெண்டும் மாமு."

"தோ பார்றா!" என்றார் அக்கா.

நான் எழுந்து நின்று சொன்னேன். "எங்க வூட்ல நாலு பேரு. நாலு பேருக்கு உள்ளத குடுங்க, ஒரு சொம்பு மேல வாணாம். அதுல நான் குளிக்கிறனா, எம்புல்லு குளிக்கிறதாங்கறது எங்க வூட்டு வெவகாரம். புல்லு அலசுன தண்ணியில மாட்டுக் கொட்டாயும் கழுவிக்கிறேன். இந்த மாடு நின்னாதான் அங்க ஒருத்தன் கீரை போடுவான். நான் விக்க மாட்டேன்."

"நாறுவியேயா!" என்று ஒரு பையன் கத்தினான்.

"நாறுறேன். உம்பக்கத்துல வந்தா குந்தப்போறேன்?"

மாமு சிரிப்பை அடக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தார். "ஆளுக்கு உள்ளது அவனுக்கும் உண்டு. அத நம்மால நிறுத்த முடியாது. அவன் எதுல ஊத்துனா உனுக்கு இன்னா?"

அக்கா எழுந்து போனார். நம் டிரம்மில் அவர் அதற்கப்புறம் கழுநீர் ஊற்றவே இல்லை. பாலும் பாக்கெட்டுக்கு மாற்றிக்கொண்டார். அது அவர் இஷ்டம். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது.

அந்தக் கோடையில் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு பால் ஊற்றப் போனேன். சில வீடுகளில் மூக்கைச் சுளித்தார்கள். உங்கள் இரண்டு பேருடைய குளியலை மட்டும் நான் தொடவில்லை. அம்மா தன் பங்கில் எனக்கு அரைக் குடம் தர வந்தாள், வேண்டாம் என்றுவிட்டேன்.

அதுவரை புல் அலசும் தொட்டி வீட்டுக்குப் பின்னால் இருந்தது. சங்கக் கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் அதைப் பெயர்த்து, வாசலுக்கு இழுத்துவந்து, தெருவைப் பார்த்தபடி வைத்தேன். லாரி வந்தது. என் பங்குக் குடத்தை எல்லோருக்கும் எதிரில் தொட்டியில் கவிழ்த்து, புல்லைப் போட்டு அலச ஆரம்பித்தேன்.