சாய்ந்த தலைப் படங்கள்

ஹட்டனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பல வருடங்களாகக் கொழுந்தெடுத்த பூரணிக்குப் போன மழைக்காலத்தில் ஒரு தளிர் இரண்டாகத் தெரிந்தது, ஒன்றின்மேல் ஒன்றாக. இல்லாததைக் கிள்ளிக் கை வெறுமனே வந்தது. வரிசை வீடுகளான லயத்தின் படியிறங்கும்போது எந்தப் படி நிஜம் என்று தெரியாமல் காலால் துழாவினாள். ஒருநாள் சறுக்கி விழுந்த பிறகுதான் கணவன் கந்தப்பனிடம் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் ஊர்மிளா, யாழ்ப்பாணத்துக்காரர். தூரத்து விளக்கைப் பார்க்கச் சொல்லி, கறுப்புக் கரண்டி போன்ற ஒன்றால் பூரணியின் கண்களை மாறி மாறி மறைத்தார். மறைப்பை எடுத்ததும் வலக்கண் மேலிருந்து இறங்கி வந்து விளக்கைப் பிடித்தது. தலையை வலப்பக்கம் சாய்க்கச் சொன்னபோது விளக்கு இரண்டாகி விலகியது. இடப்பக்கம் சாய்த்ததும் ஒன்றாகிவிட்டது.

"இது புதுசா வந்ததோ, பிறவியிலயே இருந்ததோ எண்டு தெரியவேணும்," என்றார் டாக்டர். "புதுசெண்டா தலையை ஸ்கான் பண்ணவேணும். உங்கட பழைய படங்கள் இருந்தாக் கொண்டு வாங்கோ."

அன்று சாயங்காலம் தகரப்பெட்டியிலிருந்து படங்கள் வெளியே வந்தன. பள்ளிக்கூடப் படத்தில் வரிசையாக நின்ற பிள்ளைகளில் பூரணியின் தலை மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கல்யாணப் படத்தைப் பார்த்ததும் கந்தப்பன் சிரித்தான்.

"ஸ்டூடியோக்காரரு எத்தன தடவ வந்து ஒன் நாடிய நிமித்துனாரு. அவரு கேமராகிட்ட போறதுக்குள்ள மறுபடி சாஞ்சிட்ட."

"வெக்கத்துலதான் சாஞ்சேன்னு நெனச்சிருந்தேங்க."

"காலையில பேர் கூப்புடுற பெரட்டுலயும் அப்படித்தான் நிப்ப. என்னையப் பாக்குறன்னு நெனச்சுத்தான ஒங்கப்பாகிட்ட ஆளனுப்புனேன்."

"நான் கணக்கப்பிள்ளையப் பாத்துக்கிட்டிருந்தேன்."

கூடைகளோடு மலையில் நின்ற ஒரு படத்தில் பூரணியின் விரல் நின்றது. நான்கு பெண்கள், இடுப்பில் சுற்றிய நனைந்த படங்குகள். மீனம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். வேலாயி கொழும்பில் வீட்டு வேலை செய்கிறாள். இன்னொருத்தி எங்கே என்றே தெரியவில்லை. கண்ணைப் பற்றிய பேச்சு அத்தோடு மறந்துபோனது.

மறுமுறை போனபோது டாக்டர் படங்களை மேசையில் பரப்பினார். எல்லாவற்றிலும் ஒரே சாய்வு.

"பயப்பட ஒண்டுமில்லை அம்மா. பிறவியிலயே வலக்கண் தசை ஒண்டுக்குப் போற நரம்பு பலவீனம். தலையைச் சாய்ச்சுச் சமாளிச்சிருக்கிறீங்கள். வயது போக அந்தச் சமாளிப்பு ஏலாமப் போச்சுது."

ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாத கந்தப்பன் வெளியே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

பிம்பங்களைச் சேர்த்துக்காட்டும் கண்ணாடி வந்தது. படிகள் ஒன்றாயின. பூரணி மறுபடி மலைக்குப் போனாள். தலையும் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. கந்தப்பனுக்குத்தான் அது பழகவில்லை.

"கொஞ்ச நேரம் அந்தக் கண்ணாடியக் கழட்டேன்," என்று சில மாலைகளில் கேட்கிறான்.

"அப்புறம் ஒங்க மூஞ்சி ரெண்டாத் தெரியுங்க," என்பாள். ஆனாலும் கழற்றி வைப்பாள்.