தூணில் கண்ட விரிசல்

அவன் பூச்சு வேலைக்காரன். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவன் கண் முதலில் சுவரைத்தான் மேயும். கல்யாண வீட்டில்கூட அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். மனைவி வீட்டார் அவனுக்கு ‘விரிசல்’ என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த விடுமுறையில் மச்சான் வேன் எடுத்தான். மூன்று நாளில் ஐந்து பழைய வழிபாட்டுத் தலங்களைப் பார்ப்பதாகத் திட்டம். மனைவி, ஒன்பது வயது மகள், அவன், ஓட்டுவதற்கு மச்சான். முதல் இரண்டு இடங்களும் நல்லபடியாகப் போயின. மூன்றாவது, எண்ணூறு வருடத்துக் கல்மண்டபம். வேனை விட்டு இறங்கியதுமே மச்சான் மகளைக் கூட்டிக்கொண்டு சுழல்படி ஏறி மேல்மாடத்துக்குப் போய்விட்டான்.

அவன் வழக்கம்போலத் தூண்களைப் பார்த்தபடி நடந்தான். மேல்மாடத்தைத் தாங்கும் நடுத்தூணில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். பழைய விரிசலென்றால் உள்ளே அழுக்கும் ஒட்டடையும் அடைந்திருக்கும். இது வெள்ளைவெளேரென்று இருந்தது. காலையில் கழுவிய தரையில், தூணடியில் மட்டும் மெல்லிய பொடி. காலால் துடைத்துவிட்டுக் காத்திருந்தான். இரண்டு நிமிடத்தில் பொடி மறுபடி உதிர்ந்து கிடந்தது.

அவன் அண்ணாந்து பார்த்தான். மேலே முப்பது பேராவது இருப்பார்கள். அதில் ஒருத்தி அவன் மகள்.

“ஏங்க, இங்கயுமா ஆரம்பிச்சுட்டீங்க?” என்று சிரித்த மனைவி, அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள்.

“நீ வெளிய போய் நில்லு. கத்தாத. கத்துனா மேல எல்லாரும் ஒரே நேரத்துல ஓடுவாங்க.”

காவலாளியிடம் சொன்னான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “எண்ணூறு வருஷமா நிக்குது சார். நீங்க வந்த அன்னைக்கா விழப்போகுது?”

இனிப் பேசிப் பயனில்லை. வெளியே ஓடிவிடு என்று கால்கள் கெஞ்சின. ஆனாலும் அவன் படியேறினான்.

“மச்சான், பிள்ளையத் தூக்கிக்குங்க. சுவரோரமா மெதுவா நடந்து இறங்குங்க. ஓடவே ஓடாதீங்க.”

எதற்கெடுத்தாலும் கேலி பேசும் மச்சான் உடனே குனிந்தான். மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அவன் மேலேயே நின்று மற்ற ஒவ்வொருவரிடமும் போய்த் தணிந்த குரலில் சொன்னான். பாதிப்பேர் இறங்கினார்கள். மீதிப்பேர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கீழே ‘டொக்’கென்று ஒரு சத்தம். தூணிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குக் கல் பெயர்ந்து விழுந்திருந்தது. அதற்குமேல் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“சுவரோரமா! ஒவ்வொருத்தரா!” என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசி ஆள் இறங்கும்வரை படி முகப்பிலேயே நின்றான். அவன் வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மண்டபம் விழவில்லை. பேயறைந்தவர்போல நின்ற காவலாளி கதவைப் பூட்டினார். சாயங்காலத்துக்குள் ஆட்கள் வந்து இரும்புக் குழாய்களால் தூணுக்கு முட்டுக்கொடுத்தார்கள்.

வேனில் மனைவி நீட்டிய தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். “வீட்டுக்கே திரும்பிடலாமா மாப்ள?” என்றான் மச்சான். மகள்தான் இன்னும் இரண்டு இடம் பாக்கியிருக்கிறதென்று அடம்பிடித்தாள்.

போனார்கள். அந்த இரண்டு இடத்திலும் அவன் எதையும் பார்க்கவில்லை.

“அப்பா, விடுங்கப்பா. கை வலிக்குது,” என்றாள் மகள்.

அவன் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினான். விடவில்லை.