மாமா காப்பாற்றிய ஓநாய்கள்

எங்கள் சொந்தத்தில் யாரைக் கேட்டாலும் என் மாமா ஓநாய்களைக் காப்பாற்றியவர் என்றுதான் சொல்வார்கள். குடும்ப வாட்ஸப் குழுவில் அந்தப் பழைய படத்தை அவர் அவ்வப்போது போடுவார். காய்ந்த புல்வெளியில் ஒரு ஓநாய், ஓரத்தில் அவருடைய வேனின் கண்ணாடி. கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள் வந்து விழும். நான் எதுவும் போடுவதில்லை. அந்த ஓநாய் எதற்காக அங்கே வந்து நின்றது என்று எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் மராத்தி பேசும் ஊரான நிக்டியில் இருந்தோம். மாமா அம்மாவின் தம்பி. ஆரணியிலிருந்து வந்து எங்கள் வீட்டிலேயே தங்கி, ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். பழைய ஆம்னி வேன் ஒன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, திவே காட் மலைப்பாதை ஏறி, சாஸ்வடு தாண்டி ஒரு ஊருக்கு ஓநாய் காட்டக் கூட்டிப் போவார். கூடவே என்னையும். நான் ஓரிடத்தில் உட்காரமாட்டேன். வீட்டிலிருந்தால் பால் பாத்திரத்தையாவது தம்பியையாவது கீழே தள்ளிவிடுவேன். அதனால் அம்மா என்னை மாமா தலையில் தள்ளிவிட்டாள்.

அந்த ஊர் ஆடு மேய்ப்பவர்களின் ஊர். சுற்றிலும் புல். வேறொன்றும் கிடையாது. ஓநாய் ஆட்டுக்குட்டியைத் தூக்கும், இவர்கள் செத்த ஆட்டின் மேல் விஷம் தடவி வைப்பார்கள், ஓநாய் சாகும். காலம் காலமாக இதுதான். பிறகு ஊர் கூடி ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஓநாய் பார்க்க வருகிறவர்கள் தரும் காசு ஊர்ப் பொதுவுக்குப் போகும். யார் பட்டியில் ஆடு போகிறதோ அவருக்கு அந்தக் காசிலிருந்து இன்னொரு ஆடு வாங்கித் தருவார்கள். ஆட்டுக்கு ஆடு. பதிலுக்கு யாரும் விஷம் வைக்கக் கூடாது. வேன்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. ஊர் ஆள் ஒருவர் வண்டியில் இருக்க வேண்டும், தின்பதற்கு எதையும் வெளியே போடக் கூடாது. வெளியாள் ஒருவன் தப்புச் செய்தால் எல்லா வண்டியும் நிற்கும்.

எங்கள் வண்டியில் வந்த ஊர் ஆள் ஒரு பெண். மௌஷி என்று கூப்பிடுவோம், மராத்தியில் சித்தி என்று அர்த்தம். வெளியாள் வண்டியே வேண்டாம் என்று ஊரில் பாதிப் பேர் சொன்னபோது, மாமாவுக்காகப் பேசியவள் அவள்தான். "இவன் என் தம்பி மாதிரி. இவனுக்கு நான் பொறுப்பு" என்று எல்லார் முன்னாலும் சொன்னாளாம். அவள் புருஷனே எதிர்க்கட்சி. "உன் ஏற்பாடு நடக்கிறவரைக்கும் நடக்கட்டும். விஷ மருந்து கூரையில் சொருகித்தான் இருக்கு" என்பான்.

முதலில் ஓநாய் வரவில்லை. எப்படி வரும்? ஔந்த் பக்கத்துப் பணக்கார அடுக்குமாடிகளிலிருந்து வந்தவர்கள் வண்டிக்குள்ளேயே சத்தமாக வேஃபர் சிப்ஸ் பொட்டலம் பிரித்தார்கள். எனக்கும் கால் அரித்தது, முதுகு அரித்தது, சீட்டைக் காலால் உதைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் ஒருவர் இறங்கும்போது, "பாயி, புல் பார்க்க இவ்வளவு தூரமா? எங்க அபார்ட்மென்ட் சொசைட்டி லான்லயே இருக்கே" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க ஹாரனை அடித்துக்கொண்டே வந்தார்.

அடுத்த ஞாயிறு காலை என் மடியில் ஒரு கனமான பிளாஸ்டிக் பையை வைத்தார். கோழிக்கடைக் கழிவு. தோல், குடல், மஞ்சள் கால்கள்.

"இன்னாத்துக்கு மாமா இது?"

"ஓநாய்க்கு நாஷ்டா. நம்ம வூட்டு வாசல்ல பூனை எப்டி வருது? மீன் தலைக்குத்தானே வருது? கெட்டியா புட்ச்சிக்கோ. மௌஷிகிட்ட மூச்சு வுடக் கூடாது."

நிக்டியில் ஆட்களை ஏற்றும் வழக்கம் அன்றோடு நின்றது. அவர்களைச் சாஸ்வடில் வந்து நிற்கச் சொல்லிவிட்டு, நாங்கள் மட்டும் முன்னதாகப் போய், கல்குவாரிப் பக்கத்துப் பாதை வழியாகப் புல்லுக்குள் நுழைந்து பையைக் கொட்டுவோம். பிறகு திரும்பி வந்து ஆட்களையும் மௌஷியையும் ஏற்றிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்கள்போல அதே இடத்துக்குப் போவோம்.

சில வாரங்களில் ஓநாய் வந்தது. ஜோடியாக வந்தது. குட்டிகளோடு வந்தது. ஔந்த்காரர்கள் மூச்சு விடாமல் படம் எடுத்தார்கள். மௌஷி மாமாவைப் பார்த்து, "உனக்குக் கைராசி தம்பி" என்றாள். மாமா உலகத்திலேயே பெரிய புத்திசாலி என்று நான் நினைத்தேன். இன்னொரு விஷயமும் நடந்தது. கல்குவாரி நாய்களும் வர ஆரம்பித்தன. முதலில் இரண்டு, பிறகு ஒரு கூட்டம். அதே தோலை நாயும் இழுத்தது, ஓநாயும் இழுத்தது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. யார் ஜெயிப்பார்கள் என்று எனக்குள்ளே பந்தயம் கட்டிக்கொள்வேன்.

மழைக்கு முன்னால் ஒரு ஞாயிறு, ஒரு நாய் வாயில் நுரையோடு, தலையை ஆட்டிக்கொண்டே வட்டமடித்தது. அன்று ஓநாய் வரவில்லை. மௌஷி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் புல்லுக்குள் நடந்தாள். குனிந்து எதையோ பார்த்தாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையை எடுத்து முகர்ந்தாள். பாவாடையை முகர்ந்தாள். கடைசியில் என் தலையில் முகத்தை வைத்து நெடுநேரம் முகர்ந்தாள்.

எங்கள் வீட்டில் ஊரிலிருந்து வரும் அத்தைகள் அப்படித்தான் செய்வார்கள். உச்சி முகர்வது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று முழுக்க நான் சீட்டை உதைக்கவே இல்லை.

அடுத்த வாரம் ஊர்ப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் கூட்டம். மாமாவையும் வரச் சொல்லியிருந்தார்கள், நானும் போனேன். தரையில் ஒரு சாக்கு விரித்து, அதன்மேல் இரண்டு ஓநாய்க் குட்டிகளைப் போட்டிருந்தார்கள். செத்த பிறகு அவை நாய்க்குட்டிகளைப் போலவே இருந்தன. நாய்களிடமிருந்து ஒட்டிய நோய் என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மௌஷியின் புருஷன் ஒரு பிளாஸ்டிக் பையை உதறினான். காய்ந்த மஞ்சள் கால்கள் தரையில் சிதறின.

"இதைத் தின்ன நாய் வந்தது. நாயால் இதுங்க செத்தது. யார் போட்டது? வெளியாள் போட்டிருந்தால் இன்றோடு எல்லா வண்டியும் நிற்கும். வண்டி நின்றால் ஆட்டுக்கு ஆடு கிடையாது. அப்புறம் நான் என் கூரையில் கை வைத்தால் யாரும் கேட்கக் கூடாது."

மாமா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். சொல்லப் போகிறார், பெருமையாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மௌஷி எழுந்தாள். "நான்தான் போட்டேன்."

"நீயா? கோழிக்காலுக்கு எங்கே போனாய்?"

"சந்தைக்குப் போனேன். வருகிறவர்கள் சும்மா திரும்பிப் போகிறார்கள். அவர்கள் வராவிட்டால் யார் பிழைப்பு போகும்? போட்டேன்."

புருஷன் அவளைப் பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். "வெளியாள் இல்லை என்கிறாள். கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் காலியான பையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

மௌஷி இனி எந்த வண்டியிலும் ஏறக் கூடாது என்று முடிவானது. ஊர் நாய்கள், குவாரி நாய்கள் எல்லாவற்றையும் பிடித்து நோய்த் தடுப்பூசி போடுவது என்றும் முடிவானது. வண்டிகள் நிற்கவில்லை. ஆட்டுக்கு ஆடும் நிற்கவில்லை. அந்த ஊரில் இன்றைக்கும் ஓநாய் இருக்கிறது. அது மாமாவால் அல்ல.

திரும்பி வரும்போது கேட்டேன், "மாமா, மௌஷியும் போட்டாங்களா?"

"ஆமாடி. இல்லாமயா ஒத்துக்கினாங்க?"

"அப்போ நாம போட்டது?"

"நாம கொஞ்சம்தானே போட்டோம். ஜன்னல மூடு, தூசி வருது."

ஜன்னலை மூடினேன். மௌஷி எங்களைவிடக் கெட்டிக்காரி, எங்களுக்குத் தெரியாமலே போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மாமா அதன் பிறகு கோழிக்கடைப் பக்கம் போகவில்லை. நாற்றம் வண்டியை விட்டுப் போகமாட்டேன் என்கிறதாம்.

அடுத்த ஞாயிறு வண்டியில் வேறு யாரோ ஒரு ஆள் ஏறினான். ஊர் எல்லையில் மௌஷி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கையை ஆட்டினேன். "மௌஷி, மௌஷி" என்று கத்தினேன். மாமா வண்டியின் வேகத்தைக் கூட்டினார். அவள் நிமிரவில்லை. ஆடுகளைப் பாதையிலிருந்து விலக்கி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன்.

"அந்த மௌஷிக்குத் திமிரு வந்துடுச்சும்மா. அன்னிக்கு உச்சி முகர்ந்தாங்க. இன்னிக்கு திரும்பிக்கூடப் பாக்கல."